பெர்லின் டெக்னோ வரிசையியல்: ஓர் அறிமுகம்

1. வரையறை

பெர்லின் கிளப் ஒன்றின் கதவுக்கு முன்னால், உள்ளே விடுவார்களா என்பது தெரியாமலே, யாருடைய வற்புறுத்தலும் இன்றி மணிக்கணக்கில் நிற்கும் மக்கள் தொகுதி டெக்னோ வரிசை எனப்படும். ரேஷன் கடையிலும் கோயிலிலும் முறை வந்துவிட்டால் அரிசியோ தரிசனமோ பெரும்பாலும் கிடைத்துவிடும். டெக்னோ வரிசையில் முறை மட்டுமே வரும். இவ்வொரு பண்பே இதை ஏனைய வரிசைகளினின்று பிரித்துக் காட்டுகிறது.

அந்நகரைப் பார்க்க வருவோர் டெக்னோவைப் பற்றித் திரட்டும் அறிவில் பெரும்பகுதி கதவுக்கு வெளியே திரட்டப்படுவது. ஆய்வுலகமோ கதவுக்கு உள்ளே நடப்பதையே பெரிதும் ஆராய்ந்துவந்துள்ளது. அக்குறையை இக்கட்டுரை இயன்றவரை நீக்க முயல்கிறது.

2. தோற்றமும் வளர்ச்சியும்

வரிசை தோன்றக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அடைப்பு நேரம் இல்லாமை. 1949இல் ஹைன்ஸ் செல்லர்மையர் என்ற மேற்கு பெர்லின் ஓட்டல்காரர், நகரின் அமெரிக்க ஆளுகைப் பகுதியின் தளபதி பிராங்க் ஹவ்லியைப் பார்த்துப் பேசி, மதுக்கூடங்களுக்கான இரவு அடைப்பு நேரத்தை நீக்கச் செய்தார். பேச்சுக்குத் துணையாக ஒரு விஸ்கி புட்டியும் போயிற்று என்பது செவிவழிச் செய்தி. அடைப்பு நேரம் ஒன்று இருந்தால் எந்த வரிசையும் அந்நேரத்தில் தானே கலைந்துவிடும். பெர்லினில் அது இல்லாததால் சனிக்கிழமை இரவு, ஞாயிறு நண்பகலிலும் முடியாமல் இருக்கிறது.

இரண்டாவது, காலி இடம். 1989 நவம்பர் 9 அன்று பெர்லின் மதில் திறந்தபின், கிழக்கு பெர்லினில் உரிமையாளர் யாரென்றே தெளிவில்லாத கட்டடங்கள் ஏராளமாகக் கிடந்தன. பட்டறை, பதுங்கறை, மின்நிலையம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் இளைஞர்கள் ஒலிபெருக்கிகளை இறக்கினார்கள். திமித்ரி ஹேகமானும் தோழர்களும் 1991 மார்ச்சில் திறந்த ட்ரெசர் கிளப், பழைய வெர்ட்ஹைம் பேரங்காடியின் நிலவறைப் பெட்டக அறை. துருவேறிய சேமப்பெட்டிகளை அகற்றாமலே ஆட்டம் தொடங்கியது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய கறுப்பின இளைஞர்கள் 1980களில் உருவாக்கிய டெக்னோ இசைக்கு, அந்த நிலவறை இரண்டாம் தாய்வீடானது.

2004இல் திறக்கப்பட்ட பெர்கைன் கிளப், 1950களில் எழுந்த ஒரு மின்நிலையத்துக்குள் இயங்குகிறது. அதன் நடனக்கூடம் 18 மீட்டர் உயரம். அதன் வரிசையின் நீளத்துக்கு நிலையான அளவு சொல்ல இயலாது. இத்துறையில் பிற வரிசைகளை மதிப்பிடும் அளவுகோலாக அதுவே கொள்ளப்படுகிறது.

3. திணைப் பாகுபாடு

பெர்கைன் வரிசையைச் சங்க அகத்திணை மரபில் வைத்தால், முதற்பொருளில் நிலம், ஓஸ்ட்பான்ஹோஃப் ரயில் நிலையத்தை அடுத்த வெளி. பொழுது, சனி நள்ளிரவு முதல் திங்கள் காலை வரை. கருப்பொருள்களுள் பானம், பீரும் மாட்டே இலையில் செய்த கிளப்-மாட்டேயும். பறை, ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-909 என்னும் மின்னணுத் தாளக் கருவி. நிறம், கறுப்பு. தெய்வம், வாயிற்காப்போர். உரிப்பொருள், இருத்தலும் இருத்தல் நிமித்தமும். ஆகவே டெக்னோ வரிசை முல்லையின்பாற்படும்.

பொழுது யாமமாக இருப்பதால் குறிஞ்சியோடு மயங்கும் என்பர் ஒரு சாரார். அம்மயக்கம் இலக்கணத்துக்கு உடன்பாடே. நால்வராக வந்தவர்களில் இருவர் மட்டும் உள்ளே போனால், வரிசை அந்தக் கணமே பாலையாகத் திரியும். போனவர் வைகறையில் வெளியே வந்து, போகாதவரிடம் உள்ளே கண்டதை விவரிக்கும்போது மூளும் ஊடல் மருதம். நெய்தலுக்குரிய இரங்கலுக்குக் கடல் இல்லாவிடினும், ஷ்ப்ரே ஆறு பக்கத்திலேயே ஓடுவதால் பெரிய இடர்ப்பாடு இல்லை.

4. வரிசையின் உறுப்புகள்

வரிசைக்கு வால், இடை, தலை என மூன்று உறுப்புகள் உண்டு. வாலில் பேச்சு உரக்க நடக்கும். பல மொழிகள் கேட்கும். கைக்குக் கை பீர் புட்டி மாறும். இடையில் கம்பித் தடுப்புகள் தொடங்குகின்றன. அவற்றைக் கண்டதும் குரல் பாதியாகிறது. எட்டுப் பேராக வந்தவர்கள், பெரிய கூட்டத்தை விடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒருவரையொருவர் தெரியாதவர்களைப்போல நிற்கத் தொடங்குகிறார்கள். தலையில் மௌனம். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் அங்கே வந்ததும், இரங்கல் கூட்டத்துக்கு வந்த முகத்தை வரவழைத்துக்கொள்கிறார்.

குடித்து முடித்த புட்டிகள் தடுப்புக் கம்பிகளின் ஓரமாக நிறுத்தி வைக்கப்படுகின்றன. ஜெர்மனியில் பீர் புட்டி ஒன்றுக்கு 8 சென்ட் வைப்புத்தொகை உண்டு. அதைக் காசாக்கப் பையோடு புட்டி பொறுக்க வருவோர் உண்டு. அந்த இடத்துக்கு வந்தால் நிச்சயமாக ஏதாவது கிடைக்கும் என்று நம்பத் தகுந்தவர்கள் அவர்கள் மட்டுமே.

5. வாயில் மறுத்தல்

அகத்துறைகளுள் வாயில் மறுத்தல் என்பது ஒன்று. அதில் தோழி, தலைவன் செய்த தவறுகளை ஒன்றொன்றாகச் சொல்லிக்காட்டியே மறுப்பாள். பெர்லின் மரபில் காரணம் கூறும் வழக்கம் இல்லை. ஒரு தலையசைப்பு, பக்கவாட்டில் ஒரு கைகாட்டல், அவ்வளவே. மேல்முறையீடு கிடையாது. இம்மரபின் முதன்மை ஆசிரியராகக் கருதப்படுபவர் பெர்கைனின் வாயிற்காப்பாளர் ஸ்வென் மார்க்வார்ட். 1962இல் கிழக்கு பெர்லினில் பிறந்தவர், முகத்தில் பச்சை குத்தியவர், பகற்பொழுதில் புகைப்படக் கலைஞர். 2014இல் தன்வரலாறும் வெளியிட்டார்.

மறுப்பின் காரணம் குறித்து மூன்று கொள்கைகள் வழங்குகின்றன. உடைவாதிகள், கறுப்பு உடுத்தினால் விடுவர் என்பர். திரும்பிப் போவோரும் கறுப்பே உடுத்திருப்பது இவர்கள் கொள்கைக்குத் தடை. முகவாதிகள், சிரிக்காமல் இருந்தால் விடுவர் என்பர். வெப்கேமராவில் முகத்தையும் குரலையும் ஆராய்ந்து தேர்ச்சியா தோல்வியா என்று கூறும் பயிற்சி இணையதளம் ஒன்றையே இக்கொள்கை ஈன்றது. அதில் தேர்ச்சி பெற்ற சான்றிதழ் வாசலில் செல்லாது. ஊழ்வாதிகள், விடுவர் என்றிருந்தால் விடுவர் என்பர். இதுகாறும் மறுக்கப்படாத கொள்கை இதுவே.

விதி வெளிப்படையாக உள்ள இடங்களும் உண்டு. 1994இல் தொடங்கிய கிட்கேட் கிளப், அன்றாட உடையில் வருவோரைத் திருப்பி அனுப்பும். ஆடை கூடினால் அனுமதி குறையும். அங்கே மறுக்கப்பட்டவருக்குக் காரணமாவது தெரியும்.

6. ஓசை

டெக்னோவில் ஒவ்வொரு தாளச் சுற்றிலும் நான்கு சம அடிகள் விழும். வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 120 முதல் 150 வரை. நடுவாக 130 என்று கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 7,800 அடிகள். மூன்று மணி நேரம் நின்றவர், கணக்குப்படி, 23,400 அடிகள் கேட்டிருப்பார்.

அவ்வடியைத் தரும் டிஆர்-909, 1983இல் விற்பனைக்கு வந்து, அசல் முரசைப்போல ஒலிக்கவில்லை என்று ஒதுக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளில் உற்பத்தி நின்றுபோன கருவி. பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்ததால்தான் காசில்லாத இளைஞர் கைக்குப் போயிற்று. வாசலில் ஒதுக்கப்படுவோர் இவ்வரலாற்றை ஆறுதலாகக் கொள்ளலாம்.

தாழ்ந்த அதிர்வெண் ஒலி கனத்த சுவரையும் ஊடுருவும். உயர்ந்தது உள்ளேயே நின்றுவிடும். எனவே வரிசையில் நிற்பவருக்கு இசையின் அடித்தளம் மட்டும் வந்து சேர்கிறது. கட்டணம் இல்லை.

7. உட்புறம்

உட்புறம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டதாயினும், முழுமை கருதிச் சுருக்கமாகக் கூறப்படும். பெர்கைனில் நுழைவோரின் செல்பேசிக் கேமராக்கள்மீது, முன்னும் பின்னும், வட்டமான சிறு ஒட்டுத்தாள் ஒட்டப்படும். படம் எடுத்தவர் வெளியேற்றப்படுவார். கழிவறையில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. ஆடுகிறவர் எப்படித் தோன்றுகிறோம் என்று கவலைப்படாமல் ஆடுவதற்கு இவ்விரு ஏற்பாடுகளும் உதவுகின்றன. வாசலில் தோற்றத்தைப் பார்த்து உள்ளே விடும் ஓர் இடம், உள்ளே தோற்றத்தை மறக்கச் சொல்வது ஆய்வுக்குரியது.

படத் தடையால் விளையும் தருக்கச் சிக்கல் ஒன்றுண்டு. உள்ளே போனவரிடமும் போகாதவரிடமும் ஊர் திரும்பியபின் இருப்பது, தூரத்திலிருந்து எடுத்த கட்டடத்தின் படம் ஒன்றே. ஆகவே சான்றின் அடிப்படையில் இருவரும் சமம்.

8. சட்ட நிலை

பெர்கைனின் நுழைவுக் கட்டணத்தைக் கேளிக்கை எனக் கருதி 19 விழுக்காடு வரி போடுவதா, இசைக் கச்சேரி எனக் கருதி 7 விழுக்காடு போடுவதா என்ற வழக்கில், 2016இல் நீதிமன்றம் குறைந்த வரியே போதும் என்றது. 2021இல் ஜெர்மன் நாடாளுமன்றம், இசை கிளப்புகளைப் பண்பாட்டு நிலையங்களாகக் கருத வேண்டும் என்று தீர்மானித்தது. 2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோ பண்பாடு, அந்நாட்டின் தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. வெளியே நின்று திரும்பியவருக்கும் அது தொட்டறிய முடியாததே. வரிசையில் நிற்பதற்கு இதுவரை வரி விதிக்கப்படவில்லை.

9. முடிபு

வரிசையே கிளப்பின் உயிர்க்குறி. ஷ்ப்ரே கரையில் 2002 முதல் இயங்கிய வாட்டர்கேட், செலவும் வாடகையும் தாங்காமல் 2024ஆம் ஆண்டின் கடைசி இரவோடு மூடப்பட்டது. வாட்டர்கேட்டின் பெயரால் இன்று யாரும் யாரையும் தடுப்பதில்லை. தடுக்க ஆள் இருக்கும்வரை ஓரிடம் நலமாக இருக்கிறது என்று பொருள்.

வரிசைக்குப் போகிறவர் வயிற்றுக்குச் சாப்பிட்டு, கழிவறை போய்விட்டு, குளிருக்கு மேலாடையும் கையில் ரொக்கமும் கொண்டு செல்வது நலம். மறுக்கப்பட்டவர் வாயிற்காப்போரிடம் வாதாடுவதில் பயனில்லை. அதியமானின் வாயிற்காவலனைக் கடிந்துகொண்ட ஔவையாரே, எத்திசையில் போனாலும் பிழைப்புண்டு என்று சொல்லிக் கிளம்பத்தான் செய்தார். வெள்ளி, சனி இரவுகளில் பெர்லினின் சுரங்க ரயில் விடிய விடிய ஓடும். ட்ரெசர் 2007 முதல் வேறொரு மின்நிலையத்தில் இயங்குகிறது. பெர்கைனிலிருந்து நடந்தே போகலாம். அங்கும் வரிசை உண்டு.