கொடுத்துச் சிவந்த கைகள்

ஆவடி, அம்பத்தூர் வட்டாரக் கோயில்களுக்குத் தல வரலாறு சொல்கிறவர்களை இதுவரை யாரும் முறையாக வாழ்த்தியதில்லை. கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள், பிராகாரச் சுவரில் பலகை வைக்கிற உபயதாரர்கள், பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடி வரும் நாளில் மூன்று அம்மன் தரிசனத்துக்கு வேன் ஏறியவர்களிடம் மைக் பிடித்துப் பேசுகிறவர்கள், கையில் போனோடு வந்து காணொளி எடுத்துப் போடுகிறவர்கள் என்று அவர்கள் பலர். அவர்களிடம் கதை கேட்டவர் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. பழைய நூல்கள் தராமல் விட்டதையெல்லாம் அவர்கள் தந்திருக்கிறார்கள். அந்தக் கொடை எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால், முன்னால் என்ன இருந்தது, இவர்கள் கைக்கு வந்தபின் என்ன ஆனது என்று எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கும் வட திருமுல்லைவாயிலிலிருந்து தொடங்குகிறேன். மாசிலாமணீசுவரர் கோயில் தோன்றிய கதைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி சுந்தரர். அந்த ஊருக்கு வந்து பாடிய பதிகத்தில் அவர் சொல்வது கொஞ்சம்தான்: தொண்டைமானின் யானையை இறைவன் முல்லைக்கொடியால் கட்டி நிறுத்தினான், அவனுக்கு வெளிப்பட்டான், அரசன் அளவில்லாத மகிழ்ச்சி அடைந்தான். அதோடு சரி. கட்டியவன் இறைவன். கட்டுப்பட்டது யானை. அரசன் கேட்கவும் இல்லை, பிழை செய்யவும் இல்லை. வழியில் போய்க்கொண்டிருந்தவனை மறித்து நிறுத்தி அருள் கொடுத்த கதை அது.

பெருமக்களே, நீங்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அரசன் கையில் வாளைக் கொடுத்தீர்கள். அவன் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்தில் ரத்தம் பீறிட்டது. புதருக்குள் லிங்கம் இருந்தது. பதறிப்போய் அதே வாளைத் தன் கழுத்தில் வைத்தான். அப்போதுதான் இறைவன் வெளிப்பட்டான். லிங்கத்தின் மேல் இருக்கும் சந்தனக் காப்புக்கும் இதிலேயே காரணம் கிடைத்துவிட்டது: வெட்டுக்காயம் ஆற. சித்திரைச் சதயத்தில் மட்டும் அந்தக் காப்பைக் களைவதால், வருடத்துக்கு ஒரு முறை உண்மையான திருமேனியைக் காண ஊரே திரள்கிறது. சுந்தரர் மகிழ்ச்சி தந்த இடத்தில் நீங்கள் ரத்தம் தந்தீர்கள். காரணமே இல்லாமல் கிடைத்த அருளுக்கு ஒரு குற்றத்தையும் ஒரு தண்டனையையும் தேடிப்பிடித்துக் கொடுத்தீர்கள். ஒரு கதையின் உள்பொருளையே மாற்றிவிட்டு, கேட்கிறவருக்கு மாறியது தெரியாமலே பார்த்துக்கொள்வதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

அந்தக் கோயிலில் நந்தி லிங்கத்துக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்து நிற்கிறது. கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள் இருக்கின்றன. இரண்டையும் யாரும் போய்ப் பார்க்கலாம். சுந்தரர் பாட்டில் தொண்டைமானுக்குப் பகைவர் யாரும் இல்லை, நீங்கள் கொடுத்தீர்கள். சிலர் குறும்பர் என்றீர்கள், சிலர் அசுரர் என்றீர்கள். அவர்களை வெல்ல நந்தியைத் துணைக்கு அனுப்பினீர்கள், அதனால் நந்தி திரும்பி நிற்கிறது. வென்ற கோட்டையிலிருந்து தூண்களைப் பெயர்த்துக் கொண்டுவந்தீர்கள், அதனால் எருக்கந்தூண் இங்கே இருக்கிறது. கல்லையும் மரத்தையும் பார்த்துப் பிறந்த கதைக்கு அந்தக் கல்லையும் மரத்தையுமே சாட்சியாக நிறுத்தினீர்கள். நீதிமன்றத்தில் எந்த வக்கீலாலும் செய்ய முடியாத காரியம் இது. சந்நிதியில் தினமும் நடக்கிறது, ஒருவரும் குறுக்கே கேட்பதில்லை.

ஆனாலும் உங்கள் முழுத் திறமையைக் காண ரயில் ஏறி ஆவடி தாண்டித் திருநின்றவூரில் இறங்க வேண்டும்.

பூசலார் கதையை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் குறைவு. கையில் காசில்லாத ஒருவர் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார்; காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலை விட்டு இறைவன் இவர் மனக்கோயிலுக்கு வந்தான். இந்தக் கதை நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பது கதை அளவுக்கே அருமையானது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் தருவது ஊர், பேர், வேதம் ஓதும் நாவினர் என்ற ஒரு சொல். மனக்கோயில் அதில் இல்லை. பிறகு வந்த நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் மனக்கோயிலைச் சொல்கிறார். சிவனுக்கு ஒரு கோயிலை எப்போது எடுப்போம் என்று தூக்கம் இல்லாமல் இரவுதோறும் நினைந்து நினைந்து அருள் பெற்றார் என்கிறார்; அதையும் ‘என்பர்’ என்று, பிறர் சொல்லக் கேட்டதாகவே வைக்கிறார். அங்கே அரசன் இல்லை. காஞ்சி இல்லை. கனவு இல்லை. விழித்துக் கிடக்கும் ஒரு மனிதரும் இரவும்தான் இருக்கின்றன.

அரசன் வருவது 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழாரிடம். அவரும் நம் பக்கத்துக்காரர், பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூர். காடவர் கோமான் கச்சியில் கற்றளி எடுக்கிறான், நாள் குறிக்கிறான். முதல் நாள் இரவு இறைவன் கனவில் வந்து, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து கட்டிய ஆலயத்துக்கு நாளை நாம் புகுகிறோம், உன் சடங்கை வேறொரு நாள் வைத்துக்கொள் என்கிறான். அரசன் ஊருக்கு வந்து கோயில் எங்கே என்று கேட்கிறான்; ஊராருக்குத் தெரியவில்லை. பூசலாரைக் கண்டு, கேட்டு, நிலத்தில் விழுந்து வணங்கி, சேனையோடு தன் ஊருக்குத் திரும்பிவிடுகிறான். பூசலார் மனத்துக்குள்ளேயே குறித்த வேளையில் இறைவனை எழுந்தருளச் செய்து, நெடுநாள் பூசை செய்து வாழ்கிறார். சேக்கிழார் அந்த அரசனுக்குப் பேர் வைக்கவில்லை. காடவர் குலத்து அரசர்கள் வேறு இருவரை அவர் நாயன்மார்களாகவே தனித்தனியாகப் பாடியிருக்கிறார். பேர் தெரிந்த இடத்தில் சொன்னவர், இங்கே சொல்லவில்லை.

நான்காவது சாட்சி ஒன்று இருக்கிறது. காலத்தால் சேக்கிழாருக்கும் நம்பிக்கும் மிக முந்தியது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவ அரசன் இராஜசிம்மன் வெட்டுவித்த வடமொழிக் கல்வெட்டு. ஹூல்ச் பதிப்பித்து 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அது இருக்கிறது. துஷ்யந்தன் போன்ற அரசர்கள் கிருத யுகத்தில் வானத்துக் குரலைக் கேட்டார்கள். இந்தக் கலியுகத்தில் ஸ்ரீபரன் அதைக் கேட்டதுதான் வியப்பு என்கிறது அதன் ஒரு சுலோகம். ஸ்ரீபரன் என்பது இராஜசிம்மனின் விருதுப்பேர். குரல் என்ன சொன்னது என்று கல்வெட்டில் இல்லை. நின்றவூர் இல்லை, பூசல் இல்லை, கனவு இல்லை. கேட்ட காது மட்டும் இருக்கிறது. அறிஞர்கள் இந்தக் குரலையும் சேக்கிழாரின் பெரியபுராணக் கனவையும் சேர்த்துப் பார்த்துத்தான் அந்தக் காடவர் கோமான் இராஜசிம்மனாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நெஞ்சு நின்றுவிடும் போலிருக்கிறது. கல்வெட்டில் அந்தக் குரல் அரசனை உயர்த்துகிறது. துஷ்யந்தனுக்குச் சமமாக உட்கார வைக்கிறது. சேக்கிழாரில் இறைவன் பேசும்போது அரசன் சிறுத்துப்போகிறான், காசில்லாத ஓர் அந்தணர் முன் மண்ணில் விழுகிறான். இடையில் நானூறு ஆண்டுகளுக்கும் மேல். இந்த இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான் என்றால், அரண்மனையின் பெருமையைச் சைவ அடியார்களின் நினைவு எடுத்துத் திருப்பிப் போட்டு, யார் பக்கம் இறைவன் நின்றான் என்று புதிதாகச் சொல்லியிருக்கிறது. ஒரே நிகழ்ச்சி இல்லை என்றால், அரசனே இல்லாத நம்பியின் அந்த இரவு தனியாக நிற்கிறது, அதுவும் குறைந்ததில்லை. எப்படி எடுத்தாலும் தமிழ் நாட்டுப் பக்தி எப்படி வளர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தச் சிரமம் எதுவும் கேட்கிறவருக்கு வேண்டாம் என்று நீங்கள்தான் எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கொடுத்தீர்கள். பேர் இல்லாத அரசனுக்கு இராஜசிம்மன் என்று பேர் தந்தீர்கள். பேர் இல்லாத கற்றளிக்குக் கைலாசநாதர் கோயில் என்று முகவரி தந்தீர்கள். அறிஞர்களின் ஊகத்திலிருந்து ‘இருக்கலாம்’ என்பதையும், நம்பியின் வாக்கிலிருந்து ‘என்பர்’ என்பதையும் பக்குவமாக எடுத்துவிட்டீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்ட அந்த அரசனைத் திரும்ப அழைத்துவந்து, பூசலாருக்காக இதோ இந்த இருதயாலீசுவரர் கோயிலைக் கட்டினான் என்று அவனிடமே வேலையை ஒப்படைத்தீர்கள். கல் கிடைக்காததால் பெரியவரானவர் பூசலார். அவருக்கும் கல் கொடுத்துவிட்டீர்கள். அரசனின் கல்லை விட ஏழையின் நினைவு பெரிது என்று சொன்ன கதைக்கு அரசனின் கல்லையே முடிவாக வைக்க உங்களால்தான் முடிந்தது.

இன்று அங்கே இதய நோய் உள்ளவர்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். கருவறை அமைப்பை இதயத்தின் நான்கு அறைகளோடு சேர்த்துச் சொல்வதையும் கேட்கிறோம். ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்து நிற்கிறவரின் வேண்டுதலை நான் ஒரு நாளும் குறைத்துப் பேச மாட்டேன். அது அவருக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ளது. அந்த நான்கு அறைகளையும் நாயன்மார் காலத்திலிருந்து வருவதாகவே சொல்லிக்கொடுக்கும் உங்கள் அக்கறையைத்தான் பாராட்டுகிறேன்.

இதே வேலையை உலகத்தின் மறுகோடியில் செய்து பார்த்தவர்கள் உங்கள் அளவுக்குப் பேர் எடுக்கவில்லை. அமெரிக்காவில் மோர்மன் திருச்சபையை 1830இல் நிறுவிய ஜோசப் ஸ்மித், சிறுவயதில் தோப்பில் ஜெபம் செய்தபோது தனக்குக் காட்சி கிடைத்தது என்றார். 1832இல் தம் கையால் எழுதியபோது ஆண்டவர் ஒருவர் தோன்றிப் பாவங்களை மன்னித்ததாகச் சொன்னார். 1835இல் ஒருவரிடம் சொன்னபோது வந்தவர்கள் இருவர் ஆனார்கள், தேவதூதர்களும் சேர்ந்தார்கள். 1838இல் தொடங்கிய வரலாற்றில் பிதாவும் குமாரனும் தோன்றி, எந்தச் சபையிலும் சேராதே என்கிறார்கள். இந்த வடிவமே வேதநூலாயிற்று. முதலில் எழுதிய தாள் 1965 வரை வெளியே தெரியவில்லை. தெரிந்தபோது நம்பியிருந்தவர்களில் எத்தனையோ பேர் உடைந்துபோனார்கள், கதை மாறியதற்காக மட்டும் அல்ல, மாறியதை யாரும் தங்களிடம் சொல்லவில்லையே என்று. இன்று அந்தச் சபையே எல்லா வடிவங்களையும் தேதியோடு பதிப்பித்து வைத்திருக்கிறது. ஒரே மனிதர் சில ஆண்டுகளுக்குள் சொன்னதற்கே அங்கே அந்தப் பாடு. நீங்களோ நூற்றாண்டுகளையும் பல வாய்களையும் ஒரே மூச்சில் ஒன்றாக்கிவிட்டீர்கள், அதுவும் எதையும் பூட்டி வைக்காமல். நம் சாட்சிகள் நான்கும் அச்சில் இருக்கின்றன. திருமுறை விளக்கவுரைகளோடு எந்த நூலகத்திலும் கிடைக்கும். யாரும் எடுத்துப் பார்க்கத் தேவைப்படாதபடி அவ்வளவு நிறைவாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

இவ்வளவு கொடுத்த உங்களிடம் இன்னும் ஒன்று கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. அடுத்த கும்பாபிஷேக மலரில் அரைப்பக்கம் போதும். சுந்தரர் சொன்னது இது, நம்பி சொன்னது இது, கல்வெட்டில் இருப்பது இது, சேக்கிழார் சொன்னது இது, அதன்பின் நாங்கள் சேர்த்தது இது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக, நூற்றாண்டோடு அச்சிடுங்கள். உபயதாரர் பேர் போடும் இடத்தில், எந்த வரியை யார் உபயம் செய்தார்கள் என்பதையும் போட்டுவிடலாம்.