தவழும் பிள்ளைக்கு ஓர் அடைப்பு

தவழத் தொடங்கிய குழந்தையை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும், நாற்புறமும் வலையோ மரச்சட்டமோ கொண்ட, மேல்மூடியற்ற அடைப்பே விளையாட்டுக் கூண்டு எனப்படுகிறது. பிள்ளைத்தமிழ் இலக்கணம் கைகளை ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவத்துக்கும் தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவத்துக்கும் இடம் வகுத்ததே தவிர, அடைபடும் பருவம் என ஒன்றை வகுக்கவில்லை. அக்குறையை நிரப்பவே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை வீடுகளுக்கு ரொறன்ரோவிலிருந்து கூண்டு அனுப்பப் பெரியம்மாமார் முன்வருகின்றனர். 1990 முதல் தெல்லிப்பழை அடங்கிய வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் பல்லாண்டு கம்பிவேலிக்குள் கிடந்ததையும், வேலிக் கதியால் ஒன்று நாலு விரற்கடை நகர்ந்ததற்கு அயலவர் நீதிமன்றம் ஏறுவதையும் கண்ட அம்மம்மாமாருக்கு வேலியின் இயல்பு புதிதன்று; ஆயினும், சட்டங்களுக்கிடையே ஏறத்தாழ 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் உடல் நழுவித் தலை சிக்கும் என்ற மேலைநாட்டு எச்சரிக்கையைக் கேட்டதும், "பிள்ளை என்ன கோழிக்குஞ்சே?" என்று அவர்கள் வினவுவதுண்டு. விவாதம் முற்றுவதற்குள் பிள்ளை விறாந்தையைக் கடந்து குசினி வாசலை அடைந்துவிடுகிறது. கூண்டிலோ மடிக்காத உடுப்புகள் குடியேறிவிடுகின்றன. உலை கொதிக்கும் அரைமணி நேரத்துக்குக் கூண்டு உதவும். அதற்கு முன் கிணற்றுக்கு ஒரு கட்டும் குசினிக்கு ஒரு படலையும் வேண்டும்.