முட்டையில்லாத முட்டை

பர்மிங்காம்,
ஈஸ்டருக்கு மறுநாள்.

அன்புள்ள அம்மாவுக்கு,

குடும்பக் குரூப்பில் பெரியவள் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "ஏல, பிள்ளை கையில இருக்கது முட்டையா? நம்ம வீட்டுல எப்பம்லே இதெல்லாம் ஆரம்பிச்சுது?" மொத்தம் பதிமூணு விநாடி. அதில் கடைசி நாலு விநாடி நீ ஒன்றுமே பேசவில்லை. அந்த நாலு விநாடிக்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பின்னாலிருந்து, "வெளிநாட்டுக்குப் போனா எல்லாவனும் இப்படித்தான்" என்று கேஸை முடித்துவிடுவார்கள்.

அது முட்டை இல்லை அம்மா. சாக்லேட். மேலே இருக்கும் வெள்ளை, மஞ்சள், ரோஸ் ஓடெல்லாம் சீனி. பாக்கெட்டில் சைவம் என்று போட்டிருக்கிறதா என்று கண்ணாடி மாட்டிப் பார்த்த பிறகே வாங்கினேன். முட்டைக்கு அடியில் குப்பை மாதிரித் தெரிந்தது குருவிக்கூடு. அது கார்ன்ஃபிளேக்ஸ்.

ஈஸ்டர் என்றால் நமக்குப் பாளையங்கோட்டைதான். ஊசிக்கோபுரச் சர்ச், டீச்சர் வீட்டிலிருந்து மூடி வரும் பலகாரத் தட்டு. அந்தத் தட்டில் முட்டை வந்ததாக எனக்கு நினைவில்லை. இங்கே முட்டைதான் எல்லாம். காரணம் விசாரித்தேன். பண்டிகைக்கு முன்னால் நாற்பது நாள் லெந்து விரதம். அந்தக் காலத்தில் முட்டையையும் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். கோழிக்கு விரதம் தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. விரதம் முடியும்போது வீடெல்லாம் முட்டை. அதை அவித்துச் சாயம் பூசிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். பிறகு பிரிஸ்டலில் ஃப்ரை கம்பெனி 1873-இல் சாக்லேட்டிலேயே முட்டை வார்த்தது. இரண்டு வருஷத்தில், 1875-இல், எங்கள் ஊர் கேட்பரியும் வார்த்தது.

'எங்கள் ஊர்' என்று கை தானாக எழுதிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆனால் ஒன்று சொல்லவா? கேட்பரிக்காரர்கள் 1879-இல் தொழிற்சாலையைக் கொண்டுபோய் வைத்த இடத்துக்குப் பேர் போர்ன்வில். நான் எட்டாம் கிளாஸ் படிக்கிறவரைக்கும் நீ தினமும் காலையில் ஆத்தி ஆத்திக் கொடுத்த போர்ன்விட்டாவுக்கு அந்த ஊரை வைத்துத்தான் பேர். எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் இருபது நிமிஷம். ரயில்வே ஸ்டேஷனுக்குக்கூட சாக்லேட் தாளின் ஊதா நிறம். காற்று சரியாக அடித்தால் வாசனை வரும் என்கிறார்கள். எனக்கு ஒரு தடவை வந்தது. கண்ணை மூடினேன்; சாயங்காலம் தேரடிப் பக்கம் அல்வாக் கடை நெய் வாசனைதான் மூக்குக்குள் வந்தது. மூக்கை என்ன செய்ய?

இன்னொரு விஷயம். ஈஸ்டர் நம்ம பஞ்சாங்கம் மாதிரி நிலாவைப் பார்த்துக் குறிக்கிற நாள். மார்ச் 21 அன்றோ அதற்கு அப்புறமோ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. பெரும்பாலும் நம்ம பங்குனிப் பௌர்ணமிதான். அதாவது, பங்குனி உத்திரத்துக்கு நீ சாஸ்தா கோயிலில் பொங்கப்பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் உன் மகன் இங்கே கார்ன்ஃபிளேக்ஸ் கிண்டிக்கொண்டிருந்தான்.

ஏன் கிண்டினான்? அதுதான் கதை.

லீவில் பிள்ளைகளை ஒரு விடுமுறை முகாமில் சேர்த்திருக்கிறோம். வியாழக்கிழமை பிள்ளைகள் தங்கள் கையால் செய்த இனிப்பைக் கொண்டுவர வேண்டும், அடுப்பில் சுடக்கூடாது என்று கடிதம் வந்தது. கூடவே ஒரு படிவம். அம்மா, எனக்கு விசா வாங்கியபோதுகூட அத்தனை கட்டம் நிரப்பவில்லை.

இந்த நாட்டில் ஒவ்வாமைப் பட்டியல் என்று ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. பதினாலு பொருள். தின்பண்டத்தில் எது இருந்தாலும் டிக் போட வேண்டும். பால், முட்டை, மீன், இறால்-நண்டு, சிப்பி, கோதுமை வகை, நிலக்கடலை, முந்திரி-பாதாம் வகை, எள், சோயா, கடுகு. ஆமாம், கடுகு! நீ தாளிச்சாலே இங்கே ஒரு டிக். மிச்சம் மூணு: செலரி, லூபின், கந்தகப் புகை சம்பந்தப்பட்ட ஒரு சரக்கு. லூபின் என்றால் என்ன என்று உன் மருமகளைக் கேட்டேன். "உங்க பெரியப்பா கொண்டுவந்த லேகியமா இருக்கும்" என்றாள். அது ஒரு வகைப் பயறாம்.

நான் முதலில் நம்ம ஊர்ப் பண்டம் ஒன்றைக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். எள்ளுருண்டை: பேரிலேயே மாட்டிக்கொண்டது. கோவில்பட்டி கடலைமிட்டாய்: அங்கே அதற்கு 2020-இல் புவிசார் குறியீடு கொடுத்து மாலை போட்டார்கள், இங்கே வாசலைத் தாண்டவே விடமாட்டார்கள். நீ செய்கிற பொரிவிளங்காயில் பட்டியலில் உள்ளது எதுவும் இல்லை. ஆனால் பல் உடைந்தால் எந்தக் கட்டத்தில் எழுத? கடைசியில் அல்வா. கோதுமைக்கு ஒன்று, நெய்க்கு 'பால்' என்று ஒன்று, நீ போடுகிற முந்திரிக்கு ஒன்று. மூணு டிக்.

சரி, முகாமே செய்முறை அனுப்பிய குருவிக்கூட்டுக்கு எத்தனை என்று எண்ணினேன். கார்ன்ஃபிளேக்ஸில் பார்லி மால்ட், அதனால் கோதுமை வகைக் கட்டத்தில் ஒன்று. சாக்லேட்டில் பால், இரண்டு. சோயா லெசிதின், மூணு. முந்திரி போடாத அல்வாவுக்கு ரெண்டே ரெண்டுதானே! இதைச் சொல்லி முகாம் அம்மாளிடம் நியாயம் கேட்கப் போனேன். அவள் சிரித்துக்கொண்டே, அல்வா எவ்வளவு நேரம் கிண்ட வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். "அதை நாலு வயசுப் பிள்ளை கிண்டுமா?" என்றாள். பேசாமல் வந்துவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த முகாமில் ஒரு பிள்ளைக்குக் கடலைத் துணுக்கு பட்டாலே மூச்சு அடைத்துவிடும். அதன் அம்மா ஊசி மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாள். அவளைப் பார்த்த பிறகு படிவத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

செய்முறை இதுதான். கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக சாக்லேட், அம்பது கிராம் வெண்ணெய், ரெண்டு மூணு ஸ்பூன் கரும்புச் சீனிப்பாகு. இது இங்கே டப்பாவில் வருகிறது, பதம் பார்க்கத் தெரியாதவர்களுக்காக. கொதிக்கிற தண்ணீர்ச் சட்டி மேல் கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். கிண்ணத்தின் அடி தண்ணீரில் படக்கூடாது. நம்ம ஊரில் இவ்வளவு வம்பே வேண்டாம். சாக்லேட் முப்பத்துநாலு டிகிரியிலேயே உருகிவிடும். பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். இங்கே அடுக்களை பதினாலு டிகிரி. வெண்ணெய் செங்கல்.

உருகிப் பளபளவென்று வந்தது. நான் பெருமையாகக் கழுவின கரண்டியைத் துடைக்காமல் உள்ளே விட்டேன். ஒரே ஒரு சொட்டு ஈரம்தான். அத்தனையும் மணல் மணலாகக் கட்டிதட்டி நின்றது. நீ பாகு காய்ச்சும்போது ஈரக் கையோடு வந்த என்னை எத்தனை தடவை விரட்டியிருப்பாய்! நாற்பது வயசில் பாடம் ஏறியது. ஒரு சொட்டுக்குக் கட்டிதட்டுகிற சாக்லேட் நாலைந்து ஸ்பூன் சுடுபால் ஊற்றி அடித்தால் இளகிவிடுமாம். இளகியது. ஆனால் குழம்பாகிவிட்டது, கூடு கட்ட ஆகவில்லை. பெரியவள் அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துவிட்டு, "அப்பா, நீ இன்னொரு தடவை தப்புப் பண்ணு" என்றாள்.

இரண்டாவது பாக்கெட் சரியாக வந்தது. கார்ன்ஃபிளேக்ஸைப் போட்டுக் கிண்டி, பன்னிரண்டு காகிதக் கிண்ணத்தில் கூடு கட்டினோம். பெரியவள் ஸ்பூனின் பின்புறத்தால் நடுவில் குழி அமுக்கி மூணு மூணு முட்டை வைத்தாள். சின்னவனுக்கு மூணே முக்கால் வயசு. நாலு வயசுக்குக் கீழே இந்த முட்டையைக் கொடுக்கக்கூடாது, தொண்டையில் சிக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. அதனால் அவனுக்கு மட்டும் வெறும் கூடு. படத்தில் அவன் கையில் நீ பார்த்தது அக்காளின் கூடு. அழுது வாங்கி, படம் எடுத்ததும் நாங்கள் பிடுங்கிக்கொண்டது.

அழுகை ஓய்ந்து தன் கூட்டுக்கு வந்தான். ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெருவிரலை நடுவில் வைத்து ஒரு அமுக்கு, லேசாக ஒரு சுற்று. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து, "திரி எங்கப்பா?" என்றான்.

போன ஆடியில் புட்டாரத்தி அம்மன் கோயிலில் உன் மடியில் உட்கார்ந்துகொண்டு, நீ மாவிளக்குக்குக் குழி அமுக்குவதைப் பார்த்தானே, அதே விரல். அரிசியை ஊறவைத்து, இடித்து, வெல்லம் சேர்த்து, அடுப்பே பற்றவைக்காமல் நீ செய்கிற பண்டம்.

திரி இருந்தது. நெய் இருந்தது. உத்திர நாளும் அதுவுமாக இருந்தது. ஏற்றினோம். ஒரு நிமிஷம் நன்றாக எரிந்தது. பிறகு சாக்லேட் இளகி, கூடு ஒரு பக்கமாகச் சரிந்து, திரி நெய்யோடு தட்டில் படுத்துவிட்டது. சின்னவன் அணைந்த இடத்தை நக்கிவிட்டு, "ஆச்சி விளக்கு சாயாது" என்றான்.

ஆடிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. உரலை எடுத்துக் கழுவி வை.

உன் மகன்.

பி.கு.: அடுத்த வருஷம் முகாமுக்கு மாவிளக்குதான் என்று பிள்ளைகள் தீர்மானம் போட்டுவிட்டார்கள். நெய் ஊற்றினால் பாலுக்கு டிக், நல்லெண்ணெய் ஊற்றினால் எள்ளுக்கு டிக். எதை ஊற்ற என்று அப்பாவிடம் கேட்காமல் நீயே யோசித்துச் சொல்.