முதல் வகுப்பு ஊரிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இந்திய ரிசர்வ் வங்கி, மும்பை.
நகல்: நீர்காத்த அய்யனார், மலையடிவாரம், ராஜபாளையம் (தகவலுக்காக மட்டும்).
பொருள்: கொய்யாக் கூடை ஒன்று டிஜிட்டல் ஆனது தொடர்பாக.

ஐயா,

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் பாதி ஊர் துண்டோடு கிளம்பிவிடும். அந்த வழியில் கொய்யாவும் மாங்காய்ப் பத்தையும் விற்கிற ஒரு பாட்டியைத் தாங்கள் மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பெயர் கேட்க வேண்டாம். கூடை வைத்திருக்கிற எல்லாருக்கும் பொதுவானவர் அவர். கூடை விளிம்பில் கியூஆர் அட்டை. பக்கத்தில், பணம் விழுந்தால் கூவுகிற பெட்டி. ஆக, திட்டம் வெற்றி. கடிதத்தை இங்கேயே முடித்திருக்கலாம்.

பாட்டிக்குத்தான் சில ஐயங்கள்.

முதலாவது, வகுப்பு பற்றியது. சிறிய ஊர் வணிகர்களிடம் ஸ்வைப் மெஷினும் கியூஆர் அட்டையும் போய்ச் சேர வேண்டும் என்று 2021 ஜனவரியில் தாங்கள் ஒரு தனி நிதியைத் தொடங்கினீர்கள். நல்ல காரியம். ஆனால் தங்கள் கணக்கில் சிறிய ஊர் என்றால் 50,000 பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். மூன்று முதல் ஆறு வரையிலான வகுப்புகள் அவை. 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையத்தின் மக்கள்தொகை 1,30,442. லட்சத்தைத் தொட்டாலே முதல் வகுப்பு. அதாவது ராஜபாளையமும் மும்பையும் ஒரே பெஞ்சு! 75,396 பேர் கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர் அடுத்த பெஞ்சு. இந்தப் பெருமையை ஊரில் யாருமே கொண்டாடாதது வியப்புதான். 2021 ஆகஸ்டில் மனமிரங்கி, ஸ்வநிதி கடன் திட்டத்தில் சேர்ந்த தெருவோர வியாபாரிகளை மட்டும் இந்த இரண்டு வகுப்புகளிலும் சேர்த்துக்கொண்டீர்கள். முதலில் கடன் வாங்கு, பிறகு அட்டை வாங்கு. கோவில் அடிவாரத்தைத் தனி ஊராக எடுத்தால் ஆறாம் வகுப்பில் இடம் கிடைக்கலாம். அங்கே மனிதர்களைவிடச் சாம்பல் நிற அணில்களே அதிகம் இருக்கக்கூடும்; அவை எந்த ஆப்பையும் இறக்கியதாகத் தகவல் இல்லை.

இரண்டாவது ஐயம், வருமானம் யாருக்கு என்பது. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கு வணிகர் கட்டணம் கிடையாது. மறுப்பதற்கில்லை. ஆனால் கூவுகிற பெட்டிக்கு மாத வாடகை உண்டு. சிறு வணிகர் வாங்கும் 2,000 ரூபாய் வரையிலான தொகைக்கு 0.15 சதவீதம் ஊக்கத்தொகை என்று 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த நிதியாண்டுக்கு ஒதுக்கீடு ஏறத்தாழ 1,500 கோடி. பத்து ரூபாய்க் கொய்யாவுக்கு ஒன்றரைப் பைசா. அதுவும் வங்கிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும். கொய்யாவுக்குச் சொந்தக்காரி பட்டியலில் இல்லை.

மூன்றாவது, காட்டிய ஆசைகள் பற்றியது. மாநில அரசு 2003-இல் லாட்டரியை ஒழித்தது பாட்டிக்கு நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட ஊருக்குத்தான், 2016 நவம்பர் 8 இரவின் பணமதிப்பிழப்புக்குப் பிறகு, டிஜிட்டலில் பணம் வாங்கும் வியாபாரிக்கு 50 லட்சம் வரை பரிசு என்று ஒரு குலுக்கலைக் கொண்டுவந்தார்கள். அது நிதி ஆயோக்கின் வேலை. தங்களைக் குறை சொல்லக் கூடாது. ரொக்கம் ஒழியும் என்றார்கள். அன்று புழக்கத்தில் இருந்த ரொக்கம் ஏறத்தாழ 18 லட்சம் கோடி, 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடிக்கும் மேல். யுபிஐயும் சும்மா இருக்கவில்லை, 2025 ஆகஸ்டில் மட்டும் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள். இரண்டும் வளர்ந்ததில் பாட்டிக்கு மகிழ்ச்சியே. சில்லறை தேடும் தொல்லை குறைந்தது, ஈர நோட்டு கைக்கு வருவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கிலோக் கணக்கில் பால்கோவா விற்கிற கடைக்காரரிடம் கேட்டால் இன்னும் நாலு நல்ல வார்த்தை சொல்வார். அவருக்குக் கூரை இருக்கிறது, டவர் கிடைக்கிறது, கல்லாவில் படித்த பையன் இருக்கிறான்.

பாட்டிக்கு மலை இருக்கிறது. "போயிருச்சு பாட்டி, டிக் வந்துருச்சு பாருங்க" என்று குளித்துத் திரும்பும் இளைஞர் போனைக் காட்டுகிறார். பெட்டி வாய் திறக்கவில்லை. டவர் இல்லையா, பணம் இல்லையா, அந்த டிக்கே போலியா என்பதை எழுத்துக்கூட்டத் தெரியாதவர் மூன்று நொடிகளில் தீர்ப்பளிக்க வேண்டும். பின்னால் இன்னும் ஐந்து பேர் நிற்கிறார்கள். தீர்ப்பு எப்போதும் இளைஞருக்கே சாதகமாகிறது.

பிற ஊர்ச் செய்திகளும் அவர் காதுக்கு வருகின்றன. 2025 ஜனவரியில் கஜுராஹோவில் கடைகளின் கியூஆர் அட்டைமேல் ராவோடு ராவாக வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போனார்கள். 2023-இல் கேரளத்தில், வாடிக்கையாளர் அனுப்பிய சில நூறு ரூபாய் எங்கோ நடந்த மோசடிப் பணத்தின் வால் என்று சிறு வணிகர்களின் கணக்குகளை முடக்கினார்கள். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்ப, பெங்களூரில் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று பலகை மாட்டினார்கள். ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு என்பதும், பாட்டியின் கொய்யா அத்தனைக்கு விற்றால் அய்யனாருக்குப் பொன்குதிரையே வாங்கிவிடலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அதை அவரிடம் வந்து சொன்னவர் யார்? அட்டையை ஒட்டியவர் அன்றே அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

எனவே பாட்டி கேட்பது இவ்வளவுதான். அட்டை ஒட்டியவர் ஆறு மாதம் கழித்து ஒருமுறை திரும்பி வரட்டும். கணக்கை முடக்குமுன் தமிழில் ஒரு வார்த்தை கேட்கட்டும். முடக்கினாலும் தகராறில் உள்ள தொகையை மட்டும் நிறுத்தட்டும். இணையமே இல்லாமல் பணம் மாற்றும் வசதியை 2023 செப்டம்பரில் தங்கள் அன்றைய ஆளுநரே மும்பையில் அறிமுகம் செய்தார். அதற்கு இரண்டு பக்கமும் விலைகூடிய போன் வேண்டுமாம். பாட்டியிடம் இருப்பது பட்டன் போன். ஒரே பெஞ்சுக்காரர்கள் என்ற உரிமையில், மும்பையிலிருந்து அந்த விலைகூடிய போன் ஒன்றை அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும்.

இணைப்பு: பத்து ரூபாய் நாணயம், ஒன்று. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் தாங்கள் அறிவித்த பிறகும் இந்தப் பக்கம் பல கடைகளில் வாங்க மறுக்கிறார்கள். மும்பையில் செல்கிறதா என்று பார்த்து, மீதியைப் பாட்டியின் கியூஆரிலேயே போட்டுவிடவும்.