லெட் இடுதலில் இரு கலை வாதம்

கோலம் போடுவதற்கும் பல்லி விழுவதற்கும் தும்முவதற்கும்கூடச் சாஸ்திரம் எழுதி வைத்த நம் நாட்டில், பள்ளிப் பிள்ளைகள் ‘மைக்ரோ டிப்’ என்று வழங்கும் பென்சிலுக்குள் லெட் இடுவதாகிய நித்திய கர்மத்துக்கு மட்டும் இதுகாறும் ஒரு பாஷ்யகாரரும் தோன்றாமற் போனது பெரிய ஆச்சரியமே. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 11 கிலோமீட்டர் நீளும் சாலையில், காலை வேளைப் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு மறு கையாலும் பற்களாலும் இந்தக் கர்மத்தை நிறைவேற்றும் மாணவ மாணவியரைக் கண்ணுற்ற எவருக்கும், இதில் ஆழ்ந்த தத்துவம் ஒன்று அடங்கியிருக்க வேண்டும் என்ற ஐயம் எழாமலிராது.

முதலில் உபகரணத்தின் பூர்வ சரித்திரம். கான்ராட் கெஸ்னர் என்னும் ஜூரிச் நகரத்துப் பண்டிதர், கிராஃபைட்டைக் குழலொன்றில் செருகி எழுதும் கருவியின் சித்திரத்தைத் தம் நூலில் வெளியிட்டது 1565-ஆம் ஆண்டு. தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்ததும், ராஜபாளையத்து ராஜாக்கள் தங்கள் முன்னோரின் பூமியாகச் சொல்லிக்கொள்ளும் அந்த ராஜ்யம் சிதறத் தொடங்கியதும் அதே 1565-தான். இவ்விரு சம்பவங்களையும் முடிச்சுப் போட எனக்கு அடங்காத ஆசை உண்டு. ஆதாரம் அகப்படாத ஒரே காரணத்தால் அடக்கிக்கொள்கிறேன். பின்னர் 1822-இல் லண்டனில் ஹாக்கின்ஸும் மோர்டனும் லெட்டை முன்தள்ளும் பென்சிலுக்குக் காப்புரிமை பெற்றதும், 1915-இல் ஜப்பானில் ஹயகாவா என்பவர் செய்த பென்சிலின் பெயரே பிற்காலத்தில் ‘ஷார்ப்’ என்னும் மின்சாதன நிறுவனத்தின் பெயரானதும் பலர் அறிந்தவை. ஆயினும், களிமண் கலந்து சுட்ட பழைய லெட்டை நூல்போல் மெலிதாக்கினால் எழுதுமுன்னே ஒடிந்துவிடும் ஆதலால், களிமண்ணுக்குப் பதிலாக ரெசினைச் சேர்த்துச் சுட்டெடுக்கும் வித்தையை 1960-களில் ஜப்பானியர் கைவரச் செய்த பின்னரே, 0.5 மில்லிமீட்டர் என்னும் சூக்ஷ்ம சரீரம் அதற்கு வாய்த்தது. நம் சிவகங்கைச் சீமையிலும் கிராஃபைட் வெட்டுகிறார்கள். அது உலைக்கல்லாகவும் மூசையாகவும் போய்விடுகிறதேயொழிய, பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை நாடி வருவதாகத் தெரியவில்லை.

பென்சிலின் உள்ளே, மூன்றாகப் பிளந்த வாயுடைய சிறு பிடி ஒன்று இருக்கிறது. பின்தலையை அழுத்தினால் அது லெட்டைக் கவ்வியபடியே சிறிது முன்னேறி, தன்னை இறுக்கியிருக்கும் வளையத்தைவிட்டு வெளிப்பட்டு வாய் திறக்கும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதனைப் பின்னிழுக்க, லெட்டை மட்டும் முனையிலுள்ள ரப்பர் வளையம் பின்வாங்கவொட்டாமல் தடுத்து நிறுத்த, பிடி ஒரு படி பின்னகர்ந்து மீண்டும் வாய் மூடும். நம் காதில் விழும் ‘டிக்’ என்ற ஓசைக்குள் நடந்தேறும் காரியம் இவ்வளவு.

இனி வாதத்துக்கு வருவோம். லெட் இடும் மார்க்கம் இரண்டு. மூடியைக் கழற்றி, அதனடியிலிருக்கும் ரப்பரைப் பிடுங்கி, குழலுக்குள் லெட்டை நழுவவிட்டு, ‘அது தானாக வரும்’ என்ற விசுவாசத்தோடு டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டிருப்பது ஒன்று. பின்தலையை அழுத்தியவாறே பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முனைத் துவாரத்தின் வழியே லெட்டை மேல்நோக்கிச் செலுத்துவது மற்றொன்று. வைஷ்ணவ சம்பிரதாயம் அறிந்தவர்களுக்கு இவ்விடத்தில் பொறி தட்டியிருக்கும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் மார்ஜார நியாயம் தென்கலையாருடையது. குரங்குக்குட்டி தன் முயற்சியால் தாயைப் பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயம் வடகலையாருடையது. மேல்வழியில் லெட்டுக்கு ஒரு பிரயத்தனமும் இல்லை. விழுந்து கிடந்தால் போதும், பிடி வந்து கவ்விக்கொள்ளும். கீழ்வழியிலோ சகலமும் சுயமுயற்சி. ‘இரண்டிலும் கவ்வுவது பிடிதானே, லெட் எதையும் பற்றவில்லையே, ஆகையால் இரண்டும் பூனைதான்’ என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் ஆக்ஷேபிக்கக்கூடும். கீழ்வழியில் லெட் தானே பிடியின் வாயைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது என்பதை அவர் கவனிக்கவில்லை.

இதன்மேல் நான் எழுப்பிய அனுமானம் மிகவும் அழகானது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதி தென்கலைச் சம்பிரதாயத்தது. ஆகவே பதினோரு நிலைக் கோபுரத்தின் நிழலில் வளரும் பிள்ளைகள் மேல்வழியையும், நூற்பாலைச் சங்கொலிக்கு எழுந்து உழைத்தே முன்னேறிய ராஜபாளையத்தின் பிள்ளைகள் கீழ்வழியையும் கைக்கொண்டிருக்க வேண்டும். பிரத்தியட்ச பிரமாணம் இதற்குச் சிறிதும் ஒத்துழைக்கவில்லை. ஒரே ஊரில், ஒரே பெஞ்சில், ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரு சகோதரிகளில் ஒருத்தி மேல்வழி, ஒருத்தி கீழ்வழி. துருவி விசாரித்ததில் வெளிப்பட்ட காரணம் சித்தாந்தமன்று, ரப்பர். மூடியையும் ரப்பரையும் பத்திரமாக வைத்திருக்கும் பிள்ளைக்கு அவற்றைக் கழற்றி மாட்டுவது தொல்லையாதலால் கீழ்வழி. அவற்றைத் தொலைத்துவிட்ட பிள்ளைக்குக் குழல் எந்நேரமும் திறந்தே கிடப்பதால் மேல்வழி. பின்னவர், அழுத்துவதற்குத் தலை இல்லாமையால் தீர்ந்துபோன ரீஃபிலைச் செருகி அழுத்துகிறார்கள். பையைக் கவிழ்த்தால் லெட்டெல்லாம் டிபன் பாக்ஸின் மேல் கொட்டிவிடுகிறது.

இரு கலையாருக்கும் பொதுவான துயரம் கடைத்துண்டு. லெட் தேய்ந்து தேய்ந்து, பிடிக்கும் முனைக்கும் உள்ள தூரத்தைவிடக் குட்டையானதும், அதனைக் கவ்வுவார் இல்லை. இந்தத் தூரம் பென்சிலுக்குப் பென்சில் ஏறக்குறைய 10 முதல் 15 மில்லிமீட்டர்; முழு லெட்டின் நீளம் 60. அதாவது ஆறில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை அநாதையாகிறது. பின்னால் வரும் புது லெட் முட்டித் தள்ள, கொஞ்ச தூரம் எழுதும். ஆனால் எழுதும்போதே தன்னைத்தான் சுற்றிக்கொள்ளும், தலைகீழாகப் பிடித்தால் நழுவி விழும். மேல்வழியாருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. டப்பாவிலுள்ள லெட் அனைத்தையும் ஒருசேரக் கொட்டிவிட்டால், ஒன்றுக்கே இடங்கொடுக்கும் பிடியின் வாசலில் அத்தனையும் தோளோடு தோள் முட்டி, ஒன்றும் உள்ளே போகாது.

பருமனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வளைத்து ஒடிக்கும் விசையைத் தாங்கும் சக்தி விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதால், ஒரே சரக்கில், ஒரே அளவு வெளியே நீட்டினால், பெயரளவு விட்டக் கணக்கில் 0.7 லெட் 0.5-ஐக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு தாங்கும். இதை அறிந்தும், கோடு மெலிதாக விழுகிறதென்ற ஒரே மோகத்தால் 0.5-ஐ விரும்புவோர் அநேகர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணக்குத் தாளில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண்கள் இந்த முனையின்மேல் நிற்பதும், பரவளையம் திரும்பும் இடத்தில்தான் லெட் ‘டக்’கென்று ஒடிவதும், பக்கத்து மேசையில் கடன் கேட்கக் கண்காணிப்பாளர் இடங்கொடாததும் அவர்கள் அறியாததல்ல.

இறுதியாக, இரு கலைகளுள் எது உத்தமம் என்று தீர்ப்புக் கேட்க, ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்தருகே பேனா பென்சில் விற்கும் அண்ணாச்சி ஒருவரை அணுகினேன். எனக்கு முன்னால் ஒரு சிறுவன்.

“அண்ணாச்சி, லெட் ஒரு டப்பா.”

“பாயிண்ட் ஃபைவா, செவனா?”

“தெரியல அண்ணாச்சி.”

“பென்சிலக் காட்டு.”

பென்சிலின் கழுத்திலிருந்த எண்ணைப் பார்த்து டப்பாவைக் கொடுத்தனுப்பிய பின், என் வினாவை வடகலை தென்கலை விவரங்களோடு முழுவதும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எந்தப் பக்கமாப் போட்டா என்ன சார், ஒடிஞ்சா இங்கதான வரணும்” என்றார்.