பேராக் நிலத்தில் ஆர்.பி.எம்.: திணைவழி ஓர் ஆய்வு

பெரிய மோட்டார் சைக்கிளை நிமிடத்துக்கு எத்தனை சுழற்சியில் ஓட்டுவது உத்தமம் என்ற வினா ஈப்போ ஒட்டுக்கடைகளில் நெடுங்காலமாக அலசப்பட்டு வருகிறது. தே தாரிக் ஆறிப்போனதைத் தவிர வேறு முடிவு எட்டப்படவில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

இத்துறையில் இரு மரபினர் உளர். தாழ்சுழற்சியார் பெரும்பாலும் தொப்பை வைத்த அண்ணன்மார். இவர்களுக்கு மூலநூல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அதன் உச்ச முறுக்குவிசை 27 நியூட்டன் மீட்டர், 4,000 சுழற்சியிலேயே கைக்கு வந்துவிடுகிறது; பிறகு எதற்கு முறுக்க வேண்டும் என்பது வாதம். சென்னைப் பக்கத்து வண்டியை நாமே விட்டுக்கொடுக்கலாமா என்ற உபவாதமும் உண்டு. உயர்சுழற்சியாரோ பி2 லைசென்ஸ்காரத் தம்பிமார். 250 சி.சி.யைத் தாண்ட முடியாத கோபத்தை முள்ளின் மேல் காட்டுபவர்கள். கவாசாக்கியின் நான்கு சிலிண்டர் 250 வண்டி 17,000 வரை சுழலும் என்பதே இவர்களுக்கு வேதவாக்கு.

இரு சாராரும் நிலத்தை மறந்தனர். நிலம் முதற்பொருள் என்பதைத் தமிழருக்கு நினைவூட்ட வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

முதலில் பாலை. அதாவது 1994-இல் முழுமை பெற்ற வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை. இங்கே வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். ஆயிரம் சி.சி. வண்டியை ஆறாம் கியரில் அந்த வேகத்தில் விட்டால் முள் 4,000-ஐ ஒட்டி நின்று கொட்டாவி விடும். 1998-இல் வந்த யமஹா ஆர்1 தன் முழு வலுவான 150 குதிரைத்திறனைக் காட்டுவது 10,000 சுழற்சியில். நூறு குதிரைக்கு மேல் லாயத்திலேயே கட்டிக் கிடக்கின்றன என்று பொருள். அதுமட்டுமன்று; இத்தகைய வண்டி முதல் கியரிலேயே 110-ஐத் தொட்டுவிடும். சட்டப்படி பார்த்தால் மிச்ச ஐந்து கியர்களும் அலங்காரம். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. கேமராவில் சிக்கியவர் பணத்தைப் பிரிகிறார். மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லாததால் மிச்சமான காசு சம்மனுக்குச் சரியாகப் போகும்.

ஜெலாப்பாங்கைத் தாண்டி மெனோரா சுரங்கம் வந்ததும் ஒரு விநோதம் நிகழ்கிறது. 4,000-இல் சாதுவாக வந்தவர் கியர் கியராகக் குறைத்து முள்ளை 8,000-க்கு ஏற்றுகிறார். சாலையில் மாற்றமில்லை, சுமையில் மாற்றமில்லை. சுவர் எதிரொலிக்கிறது, அவ்வளவே. ஆக, சுழற்சியைத் தீர்மானிப்பது எஞ்சின் அன்று, காது. இதுவே இவ்வாய்வின் கருதுகோள். நான்கு சிலிண்டர் வண்டி 8,000-இல் விநாடிக்கு ஏறத்தாழ 267 முறை வெடிக்கிறது. புல்லட் 3,000-இல் 25 முறைதான். உருமி மேளக்காரரைக் கேட்டால் பின்னதைத்தான் தாளம் என்பார்.

முல்லைக்கு, அதாவது தோட்டக்காட்டுக்கு வருவோம். 1877-இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். பின்னாளில் அந்த ரப்பர் உலகத்துக்கே டயரானது. பால் வெட்டியவருக்கு வாய்த்தது பெரும்பாலும் சைக்கிள். இன்று பேரன் 190 மில்லிமீட்டர் அகல டயரில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்துக்கு வருகிறான். பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை. குளிர்ந்த விடியலில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டோடு பெரட்டுக்கு எழுந்து பழகிய பாட்டி இன்னும் எட்டரைக்கே படுக்கிறார். லயத்து வாசலில் 2,000-ஐத் தாண்டினால் விளக்குமாறு எழும். எந்த ஆர்.பி.எம். மீட்டரும் இவ்வளவு துல்லியமாக எச்சரித்ததில்லை.

குறிஞ்சியான சிம்பாங் பூலாய்-கேமரன் மலைச்சாலையில் வாதத்துக்கே இடமில்லை. ஏறும்போது இழுவை வேண்டும், இறங்கும்போது எஞ்சினே பிரேக் பிடிக்க வேண்டும். நடுச்சுழற்சியை விட்டவர் வளைவில் திருந்துவார். நெய்தலான லுமுட்டில் வண்டியைத் துறையில் நிறுத்திவிட்டுப் பங்கோருக்குப் படகேறுவது மரபாகையால் சுழற்சி பூச்சியம்.

எஞ்சியது மருதம், ஈப்போ நகரம். லஹாட் சாலை சமிக்ஞை விளக்கில் வண்டி 1,200-இல் உறுமிக்கொண்டு தொடையை வேகவைக்கும், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் புந்தோங் சந்துகளில் இரவு பத்து மணிக்குமேல் கிளட்சைப் பிடித்தபடி 9,000 வரை முறுக்கும் தம்பிமாருக்கு ஒரு விண்ணப்பம்: உள்ளே தூங்குகிறவர்களுக்கு விடிந்தால் வேலை. முச்சந்தி வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி இருநூறு கிலோதான்.