காதுக்கு ஒரு பங்காளி

சோனி கம்பெனித் தலைவர் அகியோ மொரிட்டா, முதல் வாக்மேனைச் சோதித்துப் பார்க்க வீட்டுக்கு எடுத்துப்போனார். அதைக் காதில் மாட்டி உட்கார்ந்தவரைப் பார்த்து அவர் மனைவிக்கு எரிச்சல் வந்துவிட்டது. மொரிட்டா வாதாடவில்லை. பொறியாளர்களிடம் ஹெட்போனுக்கு இரண்டாவது துளை வைக்கச் சொன்னார். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பாட்டு தணியும், உள்ளிருக்கும் மைக் வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம். 1979 ஜூலையில் அந்தப் பெட்டி கடைக்கு வந்தது. மனைவி முகம் சுளித்ததற்காக ஒரு தொழிற்சாலையையே திருப்பிய கணவர் என்று எங்கள் வீட்டில் அவருக்கு ஏக மரியாதை. அவரைச் சொல்லிக்காட்டித்தான் எனக்குத் திட்டு விழும்.

ஆரம்பப் பெட்டிகளில் அந்தத் துளைகளுக்கு 'கைஸ்', 'டால்ஸ்' என்று பெயர் எழுதியிருந்தார்கள். ஆம்பிளைக்கு ஒன்று, பொம்பளைக்கு ஒன்று. எழுதியவர் திருவனந்தபுரத்துக் கரமனையில் பஸ் ஏறியதில்லை. எங்கள் ஊர் பஸ்ஸில் பெண்கள் சீட்டின் ஓரத்தில் முழங்கை பட்டாலே கண்டக்டர் தொண்டையைச் செருமுவார். ஒரே பெட்டியில் இரண்டு வயர் மாட்டி ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருந்தால், வண்டி தம்பானூர் சேருவதற்குள் முன்சீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருப்பார்கள்.

ஜப்பானிலும் இரட்டைத் துளை எடுபடவில்லை. ஜனங்கள் பகிரவில்லை, ஆளுக்கொன்று வாங்கினார்கள். பிந்திய மாடல்களில் ஆரஞ்சுப் பொத்தான் காணாமல் போயிற்று.

எங்கள் வலியசாலைத் தெருவுக்கு வாக்மேன் வந்தது மஸ்கட் சித்தப்பா தயவில். ஒற்றைத் துளைதான். நான் மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். பாட்டி வந்து உற்றுப் பார்த்தாள். "பாட்டு கேக்கறயாடா, இல்ல காதுவலியா?" என்றாள். பாட்டுதான் என்றதும் ஹெட்போனைக் கழற்றினாள். உள்ளே போய் வெண்கலப் பானையை எடுத்துவந்து அதற்குள் போட்டு, ஒலியைக் கடைசி வரைக்கும் திருகச் சொன்னாள். மதுரை சோமு கொசுக்குரலில் திண்ணை முழுக்கப் பாடினார். எதிர்வீட்டு மாமி அரிசி புடைக்கும் முறத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் 'ஜூன்' (Zune) என்று ஒரு பிளேயரைக் கொண்டுவந்தது. வைஃபையில் ஒரு ஜூனிலிருந்து இன்னொரு ஜூனுக்குப் பாட்டு அனுப்பலாம். ஆனால் பாட்டைப் பெற்றவர் மூன்று தடவைதான் கேட்கலாம், அதுவும் மூன்று நாளுக்குள். அவர் அதை வேறு யாருக்கும் அனுப்பவும் முடியாது. உறைமோர் கொடுக்கிற மாமிகூட இத்தனை நிபந்தனை போட்டதில்லை. டெக்னோபார்க்கில் வேலை பார்த்த என் நண்பன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து ஒன்று வாங்கிவந்தான். இந்தியாவில் அது விற்பனைக்கே வரவில்லை. கழக்கூட்டத்திலிருந்து சங்குமுகம் கடற்கரை வரை வைஃபையைத் திறந்துவைத்துக்கொண்டு ஜூனுக்கு ஜோடி தேடி அலைந்தான் பாவம். அதே சமயம் பீமாபள்ளிக் கடைகளில் இளையராஜாவும் ஜேசுதாஸும் நூற்றுக்கணக்கான பாட்டுகளாக ஒரே சிடியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி தப்புதான். ஆனால் மூன்றாம் நாள் பாட்டு செத்துப்போனதாக யாரும் புகார் சொன்னதில்லை.

ஆப்பிளும் விடவில்லை. 2010 செப்டம்பரில் ஐடியூன்ஸுக்குள் பிங் என்று பாட்டுக்கான ஒரு சமூக வலைத்தளத்தைத் திறந்து 2012 செப்டம்பரில் மூடியது. ஐடியூன்ஸ் கடை இந்தியாவுக்கு வந்ததே அந்த டிசம்பரில். துக்கம் விசாரிக்கக்கூட நமக்கு வழியில்லை.

இந்தப் பொறியாளர்கள் எல்லோரும் ஒரு தனியாளை மனதில் வைத்துப் பெட்டி செய்கிறார்கள். அவனுக்குத் துணை வேண்டும் என்று கவலைப்படுகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரும் பாசஞ்சரில் அவர்களை ஒருமுறை ஏற்றிவிட வேண்டும். நான் இயர்போனை மாட்டினால் பாறசாலை வருவதற்குள் பக்கத்து சீட்டு அண்ணாச்சி தோளைத் தட்டுவார். "மக்களே, என்ன பாட்டு கேக்கிய?" சொன்னால், "அத கொஞ்சம் வெளிய கேக்க வச்சா என்ன?" என்பார். நான் யோசித்து முடிப்பதற்குள் நெய்யாற்றின்கரையில் ஏறிய ஒருவர் செல்போன் ஸ்பீக்கரில் வேறொரு பாட்டைப் பெட்டிக்கே பொதுவாக்கியிருப்பார். பகிரப் பொத்தான் வைத்தவர்கள், பகிராமலிருக்க ஒன்று வைத்திருந்தால் நான் ரெண்டாகவே வாங்கியிருப்பேன்.

தனியாகப் பாட்டுக் கேட்க எனக்கு எஞ்சிய இடம் கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயில் பக்கத்து நவராத்திரி மண்டபம்தான் என்று நினைத்திருந்தேன். ஒன்பது ராத்திரியும் கச்சேரி. சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு உட்கார வேண்டும். எவ்வளவு பெரிய வித்துவான் பாடினாலும் கைதட்டக் கூடாது. லைக் போட வழியே இல்லாத சபை. எனக்குப் பிடித்துப்போனதே அதற்காகத்தான். ஆனால் தாளம் போடத் தடையில்லை. பக்கத்தில் உட்காரும் மாமா ஆதிதாளத்தை ஒரு அட்சரம் விடாமல் போடுகிறார், என் தொடையில்.